ஊசி புடிக்காத கை

எங்கள் வீட்டில் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைப் பார்ப்போம். இது அம்மா கொண்டுவந்த பழக்கம். புதிதாக யார் வந்தாலும், தண்ணீர்ச் சொம்பை நீட்டும் சாக்கில் அவள் கண் அவர்களுடைய தோளுக்குக் கீழே போய்விடும். தடுப்பூசித் தழும்பு இருக்கிறதா, எத்தனை, நன்றாகக் குழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் "குந்துங்க" என்பாள். பின்னாளில் என்னைப் பெண் பார்க்க வந்தவரிடமும் "தம்பி, சட்டக் கைய கொஞ்சம் மேல ஏத்துங்க" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள். அவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றிக் காட்டினார். தழும்பு இருந்தது, கல்யாணம் நடந்தது. வேறு பொருத்தமெல்லாம் அப்புறம்தான் பார்த்தார்கள்.

அம்மாவை இதற்காகக் கேலி செய்யாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. நானும் செய்திருக்கிறேன், மற்றவர்களைவிட அதிகமாகவே. ஆனால் அவள் ஏன் அப்படி என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே அம்மை குத்துகிறவர் ஒருவர் சைக்கிளில் வருவார். கையில் குத்திவிட்டு, எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்து ஒவ்வொரு கையாகப் பார்ப்பார். குத்திய இடம் கொப்புளம் கட்டிப் பழுத்திருந்தால் "புடிச்சிருச்சு" என்பார். அம்மாவுக்குக் குத்திய இரண்டு இடத்திலும் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் வந்து இரண்டு நாள் அழுதாளாம். அவளுடைய அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. குத்திய இடம் எது என்றே தெரியாமல் கை வழவழவென்று இருந்தது. அழாமல் இருந்ததற்காக வீட்டில் அக்காவைத்தான் மெச்சினார்கள். வந்தவர் மட்டும் உதட்டைப் பிதுக்கி, "இவளுக்குப் புடிக்கல. அடுத்த தடவ வரப்ப மறுபடி குத்துறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வருவதற்குள் சித்திரை வந்துவிட்டது, கூடவே பெரியம்மையும் வந்தது. ஒரே பாயில் படுத்திருந்த இரண்டு பெண்களில் அக்கா போய்விட்டாள். அம்மாவுக்கு உடம்புகூடச் சுடவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஊசிதான். புடிச்ச ஊசி, புடிக்காத ஊசி. பிறந்தவுடன் எனக்குப் போட்ட ஊசி புண்ணாகிச் சீழ் வைத்தபோது மற்ற தாய்மார்கள் டாக்டரிடம் ஓட, இவள் என்னைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டி வந்தாளாம். தங்கச்சிக்கும் அப்படியே.

அந்த ஒரு வார்த்தையை வைத்தே எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு நடந்துவிடும். அம்மா பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். நட்ட நாற்று வேர் விட்டு நிமிர்ந்தால் "பச்ச புடிச்சிருச்சு" என்பாள். அப்பா பானை செய்கிற குடும்பத்திலிருந்து வந்து விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அவருக்கு கிளேஸ் புடிக்க வேண்டும். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, ஒருமுறை சுட்டு, பிறகு பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடி சுடுவார்கள். பொம்மை, கப், கரண்டுக்கு வைக்கிற ஃபியூஸ் கட்டை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மேலே துளி தூசி இருந்தாலும் அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டாது, சொட்டையாக நிற்கும். அப்படிக் கழித்துப்போட்டதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு கன்னத்தில் மட்டும் பளபளப்பு இல்லாத பிள்ளையார், காது சொரசொரவென்று இருக்கும் டீ கப். "ஏம்ப்பா இது இப்புடி இருக்குது?" என்று கேட்டால், "கிளேஸு புடிக்கல" என்பார். அப்பா ஒரு நாளில் பேசும் வார்த்தைகளில் அது கணிசமான பங்கு.

அவ்வளவு குறைவாகப் பேசுகிறவர். அம்மாவுக்கு அதில் தீராத மனக்குறை ஒன்று உண்டு. பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்து, "பொண்ணு புடிச்சிருக்குதாப்பா?" என்று பெரியவர்கள் கேட்டபோது அப்பா வாயைத் திறக்கவில்லையாம். அவருடைய மாமா ஒருவர்தான் "புடிச்சிருக்குது, புடிச்சிருக்குது" என்று இரண்டு தடவை சொல்லி முடித்துவைத்தார். "அப்போ நான் அவுரையில்ல கட்டியிருக்கணும்" என்பாள் அம்மா. குழம்பில் உப்புக் குறைந்த நாளிலிருந்து தீபாவளிப் புடவை எடுத்த நாள் வரை இந்த வழக்கு எங்கள் வீட்டில் விசாரணைக்கு வரும். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

எண்பதுகளின் கடைசியில், நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அப்பாவுக்கு இருமல் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பிசிறு சுரண்டுகிறவர்கள் எல்லோருமே இருமுவார்கள். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். "மண்ணுத் தூசி, பனவெல்லம் தின்னா போயிடும்" என்பார்கள். அப்பாவும் பனைவெல்லம் தின்றார். இருமல் போகவில்லை, உடம்புதான் போயிற்று. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவ, அதை அம்மா இரண்டு முறை முடிச்சுப் போட்டுக் குறுக்கினாள். மூன்றாம் முறை முடிச்சுப் போடும்போது, "நாளைக்கி லீவு சொல்லுங்க" என்றாள். அப்பா மறுக்கவில்லை. அவர் மறுக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார், தூசியால் வந்த இருமலாகத்தான் இருக்கும் என்றார். இருந்தாலும் டி.பி. இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று அப்பாவின் முன்கையில், தோலுக்கு அடியில், துளி மருந்தை ஊசியால் ஏற்றினார். கொசுக்கடி போல் ஒரு தடிப்பு எழுந்து சற்று நேரத்தில் அமுங்கிவிட்டது. சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, "சொறியக் கூடாது, எதுவும் தடவக் கூடாது. மூணாம் நாள் வந்து காட்டுங்க" என்றார்.

ஊசி எதற்கு என்று அவர் சொன்னதை அம்மா எந்த அளவுக்குக் கேட்டாள் என்று தெரியாது. குத்திவிட்டு, சில நாள் கழித்து வந்து கையைக் காட்டச் சொன்னால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த மூன்று நாளும் அப்பாவின் கையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபடி இருந்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் பேனா வட்டத்துக்குள் அப்பாவின் தோல் எப்போதும் போலவே இருந்தது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அப்பாவே ஆறுதல் சொல்ல வந்தார்.

"தூசி இருந்தா கிளேஸு புடிக்காது. நான் தலையிலேர்ந்து கால் வரைக்கும் தூசி. ஊசி எப்புடிப் புடிக்கும்?"

அம்மா சிரிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் இல்லை. திட்டக்குடியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறார், வர நேரமாகும் என்றார் கம்பவுண்டர். அவரே அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். "வீங்கவே இல்ல. டி.பி. எல்லாம் ஒண்ணும் கெடையாது, தைரியமா வூட்டுக்குப் போங்க. இருமலுக்கு டானிக் தரேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்துவிட்டார். அம்மா மட்டும் பெஞ்சிலிருந்து அசையவில்லை.

"புடிக்கலிங்க. மறுபடி குத்தச் சொல்லுங்க."

"புடிக்காம இருக்கறதுதாம்மா நல்லது. வீங்குனாத்தான் நோயி."

"யாருகிட்ட கத சொல்றீங்க? எங்க அக்காவுக்கும் இப்புடித்தான் கை வழவழன்னு இருந்துது. டாக்டரு வரட்டும்."

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கவும் செய்தார். என் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வேறு அவள் அம்மாவோடு வந்திருந்தாள். நான் அம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்து, "அது வேற ஊசி, இது வேற ஊசி. ஒண்ணும் தெரியாம மானத்த வாங்காத, வா" என்றேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் முழுக்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு. அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று நான் சொன்னதுதான் புத்தகப்படி சரி. அம்மா சொன்னது முழுத் தப்பு. என் பேச்சைக் கேட்டு அவள் எழுந்து வந்திருந்தால் நான் அப்பா இல்லாத பெண்ணாக வளர்ந்திருப்பேன்.

டாக்டர் வர மத்தியானம் ஆகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் அம்மா எழுந்து நின்றாள். ஊசி புடிக்கவில்லை என்றாள். அவரும் முதலில் சிரித்துவிட்டு, கம்பவுண்டர் சொன்னதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். அம்மா விடவில்லை. அக்காவின் கதையை அங்கேயே சொல்ல ஆரம்பித்தாள். சைக்கிள், கொப்புளம், ஒரே பாய், எல்லாம். "எனக்குக் காய்ச்ச வந்துது டாக்டரு, நான் பொழச்சிக்கிட்டேன். அவளுக்கு ஒண்ணுமே வரல. ஒண்ணுமே வராததுதான் எனக்குப் பயமா இருக்குது. இவுரு ஒடம்பப் பாருங்க. இந்த ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு எப்புடி ஒத்துக்கறது?"

டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். எடை பார்க்கும் மிஷினில் நிற்கவைத்தார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நெஞ்சுப் படம் எடுத்துடுவோம், சளியையும் பாத்துடுவோம்" என்றார்.

படத்தில் அப்பாவின் நுரையீரல் இரண்டு பக்கமும் மேகம் அடைத்ததுபோல் இருந்தது. சளியில் கிருமி இருந்தது. டி.பி.தான், அதுவும் முற்றியது.

பிறகு ஏன் வீங்கவில்லை? அதை டாக்டர் எங்களுக்கு விளக்கிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்க தெருவுல நாய் இருக்குதாம்மா?"

"நாலஞ்சு இருக்குது."

"ஒரு திருடன் தெருவுக்குள்ள வந்துட்டுப் போனா நாய் அவன் வாசனைய மனசுல வச்சுக்கும். அவன் துண்ட மட்டும் கொண்டுவந்து போட்டாக்கூட ஓடிவந்து குரைக்கும். நம்ம ஒடம்புலயும் அந்த மாதிரி காவல் இருக்குது. நான் ஊசியில போட்டது கிருமி இல்ல, கிருமியோட துண்டு. ஏற்கெனவே மோப்பம் புடிச்சிருந்தா அந்த எடத்துல கூடிக் குரைக்கும். அந்தக் குரைப்புதான் வீக்கம். குரைக்கலன்னா, திருடன் வந்ததே இல்லன்னு நெனைப்போம். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு அதான் சரி. ஆனா இன்னொரு காரணமும் இருக்கலாம். திருடன் வூட்டுக்குள்ளயே குந்திக்கிட்டு இருக்கான், நாய்க்குத்தான் பட்டினி கெடந்து எழுந்து நிக்கவே தெம்பு இல்ல."

"அப்போ நாய்க்குச் சோறு போடணும்" என்றாள் அம்மா.

"மாத்திரையும் போடணும், சோறும் போடணும்."

"அப்புறமா மறுபடி குத்துவீங்களா?"

"மாத்திரை எல்லாம் முடியட்டும். தேவையே இல்ல, இருந்தாலும் உங்களுக்காக ஒரு தடவை குத்திக் காட்டுறேன்."

பல வருடம் கழித்துக் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது இந்தப் பாடம் வந்தது. ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் உண்டு என்றும், அதன் சாயல் திரும்பத் தென்பட்டதும் அவை அந்த இடத்தில் திரண்டு தோலைத் தடிக்கச் செய்யும் என்றும், நோயும் பட்டினியும் மிஞ்சிப்போன உடம்பில் அந்த எதிர்ப்பே எழாமல் போகலாம் என்றும் புத்தகத்தில் இருந்தது. அம்மை ஊசியில் கொப்புளம் கட்டுவதும் உடம்பு சண்டை பழகியதற்கு அடையாளம்தான். ஆக, சைக்கிள்காரர் சொன்னதும் பொய்யில்லை. வீக்கம் என்றால் காவல் விழித்திருக்கிறது என்ற பொருளில் அம்மா சொன்னது எல்லா ஊசிக்கும் ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. பரீட்சையில் நான் நாயை எழுதிவிட்டு வந்தேன். மார்க் குறைத்துவிட்டார்கள்.

எனக்கும் தங்கச்சிக்கும்கூட அதே ஊசி போட்டுப் பார்த்தார்கள். எனக்கு நன்றாகவே தடித்தது. கிருமி உள்ளே வந்து பார்த்திருக்கிறது, ஆனால் நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். சின்னவள் என்பதால் தங்கச்சிக்கு மட்டும் முன்னெச்சரிக்கையாகச் சில மாதம் மாத்திரை கொடுத்தார். என் கையைப் பார்த்து அம்மா பூரித்துப்போனதையும், நான் அதில் பெருமைப்பட்டதையும் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதங்களில் எங்கள் வீட்டில் நாய்க்குச் சோறு போடும் வேலை நடந்தது. அப்பாவையே அம்மா அப்படித்தான் கூப்பிட்டாள். "நாய் சாப்புட்டுதா?" என்று வெளியே போய்விட்டு வந்ததும் வராததுமாக எங்களைக் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் நாய் வளர்ப்பதாக நினைத்தார்கள். அதுவும் வசதியாகப் போயிற்று. டி.பி. என்றால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிற காலம் அது. முட்டை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை உருண்டை, முருங்கைக்கீரை, பிறந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் கேழ்வரகு என்று அம்மா அப்பாவைத் தின்னவைத்தே அழவைத்தாள். மாத்திரை சாப்பிட்ட முதல் நாள் சிறுநீர் செக்கச்செவேல் என்று போக, அப்பா கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. மருந்தின் நிறம்தான் அது என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். அப்பா அதை எங்களிடம் சொல்ல மறந்திருந்தார், தானும் மறந்திருந்தார். அவருக்கென்று தனியாக ஒரு கப் வைத்தோம், காதில் கிளேஸ் புடிக்காத கப்.

இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. அரைஞாண் கயிற்றின் முடிச்சுகளை அம்மா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கம்பெனியில் அவரைப் பிசிறு சுரண்டுவதிலிருந்து மாற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டும் இடத்தில் போட்டார்கள். மாத்திரைகள் முடிந்தன. படத்தில் மேகம் கலைந்து தழும்பு மட்டும் இருக்கிறது என்றார் டாக்டர். அன்றே அம்மா அவருடைய வாக்கை ஞாபகப்படுத்தினாள். அவரும் மறக்காமல் ஊசியை எடுத்தார். அதே கை, பேனாவால் அதே போல் ஒரு வட்டம்.

மூன்றாம் நாள் காலை நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தங்கச்சி ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாளும் அம்மா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் போய்விடும் என்று பயந்தாளோ என்னவோ. அப்பாதான் வாசற்படியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, "இந்தா, பாரு" என்று கையை நீட்டினார்.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே குந்தினாள். பேனா வட்டம் நிறையச் சிவந்து தடித்து, தொட்டால் கல்போல் இருந்தது. ஆள்காட்டி விரலால் அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா கையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சிருக்குது" என்றாள் அம்மா.

"எனக்குந்தான்" என்றார் அப்பா.

ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்த தங்கச்சிகூட நின்றுவிட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் எங்களைப் பார்த்து, "கேட்டீங்களாடி? இதச் சொல்ல இந்த மனுசனுக்குப் பதினாறு வருசம் புடிச்சிருக்குது" என்றாள், அவர் கையை விடாமலேயே.